பேஸ்மென்றுக்குப் பாவித்த விறகடுப்பு வாங்குவது எப்படி

2013 டிசெம்பரில் ரொறொன்ரோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் உறைமழை தாக்கி, நத்தார் நாட்களில் இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லாமற் போனபோது, எரிவாயு ஃபேர்னஸும் மின்சாரம் இல்லாமல் இயங்காது என்பதை எம்மவரில் பலர் முதன்முதலாக அறிந்துகொண்டனர். குழாயில் வாயு வந்துகொண்டுதான் இருந்தது. அதை மூட்டுவதற்கும், சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளுவதற்கும் மின் வேண்டியிருந்தது. அதன் பிறகு, குறிப்பாக நகரத்தை விட்டுத் தள்ளி வீடு வாங்கியவர்களிடையே, பேஸ்மென்றில் ஒரு விறகடுப்பு இருந்தால் நல்லது என்ற பேச்சு குளிர்காலம் தோறும் எழுகிறது. புதிய அடுப்பு, புகைபோக்கி, பொருத்துக் கூலி எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் டொலர் ஆகும் என்று அறிந்தவுடன், இணைய விளம்பரங்களில் இருநூறு, முந்நூறு டொலருக்குக் கிடக்கும் பாவித்த அடுப்புகளின் மீது கண் போவது இயல்பே.

பாவித்த அடுப்பை வாங்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. என் வீட்டில் இப்போது எரிவதும் பாவித்த அடுப்புத்தான். ஆனால் இந்த வேலையில் அடுப்பு என்பது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். காப்புறுதி, அனுமதிக்கான நிபந்தனைகள், புகைபோக்கி, வைக்கும் இடம் ஆகிய நான்கும் தீர்ந்த பின்னரே எந்த அடுப்பு உங்களுக்குப் பொருந்தும் என்பது தெரியவரும். இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ததால் நான் முதலில் வாங்கிய அடுப்பு ஒரு நாளும் எரியாமலே பழைய இரும்புக்குப் போனது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். இங்கே அடுப்பு என்று நான் குறிப்பிடுவது கதவை மூடி எரிக்கும் இரும்புப் பெட்டியை, அதாவது எல்லோரும் வூட் ஸ்ரோவ் என்று அழைப்பதை மட்டுமே. எழுதியிருப்பவை ஒன்ராறியோ நடைமுறையை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை.

முதலில் இரண்டு தொலைபேசி அழைப்புகள்

முதல் அழைப்பு உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு. விறகடுப்பைச் சில நிறுவனங்கள் மேலதிகக் கட்டணத்துடன் ஏற்கும், சில வேறு நிபந்தனைகள் விதிக்கும், சில அடியோடு மறுக்கும். பேஸ்மென்றில் அடுப்பு வைக்கலாமா, பாவித்த அடுப்பை ஏற்பீர்களா, 'வெற்' பரிசோதனை அறிக்கை வேண்டுமா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எம்மவர் வீடுகளில் பேஸ்மென்றை வாடகைக்கு விடுவது வழக்கம் என்பதால், அங்கே ஆள் குடியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. தீ விபத்துக்குப் பின் காப்புறுதிக்காரர் தேடுவது சொல்லாமல் விட்ட இப்படியான ஒரு விவரத்தைத்தான்.

'வெற்' என்பதைப் பலர் அரச அலுவலகம் என்று நினைத்துக்கொள்கின்றனர். அது விறகுச் சூடாக்கிகளைப் பொருத்துவோருக்கும் துப்புரவாக்குவோருக்கும் பரிசோதிப்போருக்கும் பயிற்சியும் சான்றும் வழங்கும் கனடிய அமைப்பு. அதன் சான்று பெற்ற ஒருவர் எழுதித் தரும் அறிக்கையைக் கேட்பது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனங்களே. சட்டம் கேட்பது வேறொன்று. ஒன்ராறியோவில் விறகடுப்புப் பொருத்துவதற்குக் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே இரண்டாவது அழைப்பு உங்கள் மாநகர சபையின் கட்டடப் பிரிவுக்கு. அவர்கள் அடுப்பின் மாதிரி எண், அதன் கைநூல், வைக்கப்போகும் இடத்தின் வரைபடம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கைநூல் இல்லாத, மாதிரி எண் தெரியாத அடுப்புக்கு இந்தப் படிவத்தை நிரப்பவே முடியாது என்பது அந்த அழைப்பிலேயே விளங்கிவிடும்.

புகைபோக்கிதான் இயந்திரம்

எங்கள் ஊர்க் குசினியில் புகைக்கூடு சரியாக இழுக்காவிட்டாலும் புகை ஓட்டு இடுக்காலும் திறந்த வாசலாலும் போய்விடும். கண் எரியும், அவ்வளவுதான். இங்குள்ள வீடோ காற்றுப் புகாமல் அடைக்கப்பட்ட பெட்டி. அதில் அடுப்பு வெறும் நெருப்புப் பெட்டி மட்டுமே; அதற்குள் காற்றை இழுத்து எரிய வைப்பதும் புகையை வெளியே கொண்டுபோவதும் புகைபோக்கியின் வேலை. புகைபோக்கி சரியில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல அடுப்பை வைத்தாலும் அது புகைந்துகொண்டுதான் இருக்கும்.

பேஸ்மென்ற் இந்த வேலைக்கு மிகவும் சிக்கலான இடம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று மேலெழுந்து மேல்மாடியின் இடுக்குகளால் வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய வீட்டின் அடிப்பகுதி வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. எனவே பேஸ்மென்றில் காற்றழுத்தம் வெளியில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இப்போது வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு புகைபோக்கியை எண்ணிப் பாருங்கள். நெருப்பு இல்லாத நேரத்தில் அதற்குள் நிற்பது கனமான குளிர்காற்று. உள்ளே இழுக்கும் பேஸ்மென்றுக்கு அது ஒரு திறந்த துவாரம். குளிர்காற்று அதன் வழியே இறங்கி அடுப்புக்குள் வரும். நீங்கள் தீக்குச்சியைக் கிழித்தவுடன் புகை முழுவதும் உங்கள் முகத்துக்கே வரும்.

பற்றவைக்கும்போது வரும் புகை தொல்லைதான், ஆனால் கண்ணுக்குத் தெரிவதால் உடனே ஏதாவது செய்துவிடலாம். ஆபத்து மறுமுனையில் இருக்கிறது. இரவில் விறகு எரிந்து தணலாகிவிட்ட பிறகு புகைபோக்கியின் சூடு குறைந்து இழுவை தளர்கிறது. அதே நேரத்தில் தணல் கார்பன் மொனொக்சைட்டை வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் அப்போது தலைகீழானால் நீங்கள் உறக்கத்தில் இருப்பீர்கள். ஒன்ராறியோவில் எரிபொருள் எரிக்கும் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். சட்டம் எதைக் கேட்டாலும் சரி, அடுப்புள்ள பேஸ்மென்றிலும் தனியாக ஒன்றை வையுங்கள்.

ஆகவே எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதற்கு வேண்டியது சாமி அறையில் இருக்கும் ஊதுபத்தி ஒன்றுதான். வெளியே நன்றாகக் குளிரும் ஒரு நாளில் கதவு, யன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, பேஸ்மென்றில் புகைபோக்கியின் வாய்க்கருகே, அல்லது அதன் அடியிலுள்ள சாம்பல் எடுக்கும் சிறு கதவைத் திறந்து, ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பின்னர் குசினி உறிஞ்சி விசிறி, குளியலறை விசிறி, உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் ஆகியவற்றை ஒன்றாக ஓடவிட்டு மறுபடி பாருங்கள், ஏனெனில் இவை அனைத்தும் வீட்டுக் காற்றை வெளியே தள்ளுபவை. என் வீட்டில் முதற் சோதனையிலேயே ஊதுபத்திப் புகை அசையாமல் நின்றது. குசினி விசிறியைப் போட்டவுடன் அது வளைந்து என் பக்கம் திரும்பியது. செங்கல் புகைபோக்கிக்குள் வெப்பக்காப்புச் சுற்றிய துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. யன்னலைத் திறந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. பேஸ்மென்ற் யன்னலைத் திறந்தால் ஓரளவு உதவலாம். மேல்மாடி யன்னலைத் திறந்தால் சூடான காற்று இன்னும் வேகமாக வெளியேறி நிலைமை மோசமாகும்.

உங்களிடம் ஏற்கெனவே செங்கல் புகைபோக்கி இருந்தால், அதற்குள் சுட்ட களிமண் ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றனவா, அவை வெடிக்காமல் இருக்கின்றனவா என்று துப்புரவாக்குபவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். எரிவாயு ஃபேர்னஸோ தண்ணீர் சூடாக்கியோ புகை விடும் துளையோடு விறகடுப்பைச் சேர்க்க முடியாது. அடுப்புக்கு அதற்கென ஒரு தனித் துளை வேண்டும். உலோகப் புகைபோக்கி இருந்தால் அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டைத் தேடுங்கள். யூஎல்சி எஸ்629 என்ற தரத்தின்படி செய்யப்பட்ட 650 பாகை செல்சியஸ் வகையே இன்று விறகடுப்புக்கு வேண்டியது. புகைபோக்கிக்குள் படிந்த கிரியோசோட் தார் தீப்பற்றினால் எழும் வெப்பத்தையும் தாங்குமாறு சோதிக்கப்பட்ட வகை அது. அதற்கு முந்திய பழைய மெல்லிய குழாய்களை நம்ப வேண்டாம். பாவித்த அடுப்பு வாங்கலாம், ஆனால் பாவித்த உலோகப் புகைபோக்கியை வாங்காதீர்கள். அதன் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் என்ன நடந்திருக்கிறது என்பதை எவராலும் பார்க்க முடியாது.

புதிதாகக் கட்டுவதாக இருந்தால், சுவரைத் துளைத்து வெளியே கொண்டுபோவதைவிட வீட்டுக்குள்ளேயே, ஒரு அலுமாரி மூலையாலோ மாடிப்படிக்கு அருகாலோ, மேலே கொண்டுபோவது எப்போதும் மேலானது. செலவும் இடைஞ்சலும் கூடும். ஆனால் குழாய் வீட்டின் சூட்டிலேயே நிற்பதால் இழுவை கெடாது. உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, மேலும் 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரம். விட்டமும் முக்கியம். இன்றைய அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 6 அங்குலம். பழைய பெரிய அடுப்புகளுக்கு 8 அங்குலம். 8 அங்குல வாயுள்ள அடுப்பை வாங்கிவிட்டு 6 அங்குலக் குழாயில் சொருகலாம் என்று நினைக்க வேண்டாம்.

அளவுநாடாவோடு ஒரு மாலை

பல பழைய வீடுகளின் பேஸ்மென்றில் கூரை தாழ்வு. அடுப்பின் தகட்டிலோ கைநூலிலோ தரையிலிருந்து கூரைவரை ஆகக்குறைந்த உயரம் குறிப்பிடப்பட்டிருக்கும்; 7 அடி கேட்கும் அடுப்புகள் பல உண்டு. குழாய்களும் காற்றுப் பெட்டிகளும் ஓடும் இடத்தில் உங்கள் கூரை அதைவிடத் தாழ்ந்திருக்கக் கூடும். அளக்கும்போது வெறும் கூரையை அல்ல, அடுப்பு நிற்கப்போகும் இடத்துக்கு நேர்மேலே ஆகத் தாழ்ந்து தொங்கும் பொருள்வரை அளந்து பாருங்கள்.

சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளிதான் அடுத்தது. சான்று பெற்ற அடுப்புகளுக்கு அந்த இடைவெளி தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். நல்ல வெப்பக் கவசமுள்ள அடுப்புகளை எரியக்கூடிய சுவரிலிருந்து ஓர் அடிக்கும் குறைவான தூரத்தில் வைக்கலாம். சான்று இல்லாத அடுப்புக்குக் கனடியப் பொருத்து விதிநூலான சிஎஸ்ஏ பி365 கேட்பது 48 அங்குலம். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 கேட்பது 36 அங்குலம். நான்கு பக்கமும் நான்கு அடி விட்டால் பேஸ்மென்றில் அடுப்பைத் தவிர வேறொன்றுக்கும் இடமிராது. விதிப்படி அமைத்த கவசத்தால் அதைக் குறைக்கலாம் என்றாலும் அது இன்னொரு செலவு. சுவர் கொங்கிறீற்றுத்தானே என்று சொல்பவர்கள், அதற்கு முன்னால் மரச்சட்டம் அடித்து அட்டைச் சுவர் வைத்து முடித்திருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்க வேண்டும். முடித்த பேஸ்மென்றில் எரியக்கூடியது அந்த மரச்சட்டம்தான்.

சூடு மேலே போகுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், அவ்வளவாகப் போகாது என்பதே. வெப்பக்காப்பு இல்லாத கொங்கிறீற்றுச் சுவர் சூட்டைக் குடித்து வெளி மண்ணுக்குக் கொடுத்துவிடும். சுவர்களுக்குக் காப்பு இருந்து, மாடிப்படி திறந்திருந்தால் மேல்தளம் ஓரளவு சூடாகும். பேஸ்மென்றிலேயே புழங்குபவர்களுக்கும், மின்வெட்டு நேரத்தில் குடும்பமாக ஓரிடத்தில் ஒதுங்க நினைப்பவர்களுக்கும் இந்த இடம் பொருத்தம். முழு வீட்டையும் சூடாக்க எண்ணுபவர்கள் முதல் தளத்தில் இடம் தேடுவது நல்லது என்பது என் கருத்து.

தகடு இல்லாத அடுப்பு

இப்போது என் கதை. நான் வாங்கியது 1970களின் பாணியில் தடித்த உருக்குத் தகட்டால் செய்த, ஒரு சிறு கதவுள்ள அடுப்பு. விற்றவர் அன்பாகப் பேசினார். தன் தகப்பனார் முப்பது ஆண்டு எரித்தது என்றார், அதில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு வெடிப்பு இல்லை, வளைவு இல்லை. நானும் நண்பர்கள் மூவரும் அதைப் படியால் இறக்கிவைத்த பின்னர்தான் பரிசோதகரை அழைத்தேன். அவர் அடுப்பின் முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நேரே பின்னால் போய்க் குனிந்து, மின்சூள் அடித்து, பின்சுவரில் விரலால் தடவினார். நான்கு சிறு ஆணித் துளைகள் இருந்தன, தகடு இல்லை. அதற்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை. காப்புறுதி மறுத்தது, 48 அங்குல இடமும் என்னிடம் இல்லை. ஏற்றிக்கொண்டு போனவர் இரும்பு விலைக்கு எடுத்தார்.

எனவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற் படம் அடுப்பின் பின்பக்கத் தகட்டினுடையது. அதில் தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், சோதித்த நிறுவனத்தின் முத்திரை, எந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு, இடைவெளி அளவுகள் ஆகியவை இருக்கும். கனடாவில் பாதுகாப்புக்கான தரம் யூஎல்சி எஸ்627. அமெரிக்க அடுப்புகளில் யூஎல் 1482 என்றிருக்கும். முத்திரை யூஎல்சி, சிஎஸ்ஏ, வோனக் ஹேர்சி போன்ற அறியப்பட்ட சோதனைக்கூடங்களில் ஒன்றினுடையதாக இருக்க வேண்டும். தகடு கழன்றுவிட்டது, ஆனால் இது நல்ல நிறுவன அடுப்பு என்று சொன்னால், அந்த அடுப்பு தகடில்லாத அடுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சான்று வேறு, புகை அளவுச் சான்று வேறு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமான ஈபிஏ 1988இல் விறகடுப்புகளுக்குப் புகை வரம்பு விதித்தது. 1990இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் கட்டத்தில், வினையூக்கி (புகையை மேலும் எரிக்க உதவும் பாகம்) இல்லாத அடுப்புகளுக்கு மணிக்கு 7.5 கிராம், வினையூக்கி உள்ளவற்றுக்கு 4.1 கிராம் என்று வரம்பு இருந்தது. 2015இல் அது 4.5 கிராமாகவும், 2020இல் 2 கிராமாகவும் (வீட்டில் எரிப்பது போன்ற பிளந்த விறகால் சோதித்தால் 2.5 கிராம்) குறைக்கப்பட்டது. கிராம் கணக்கு எனக்கு எதற்கு என்று நினைக்கலாம். புகை என்பது எரியாமற் போன விறகு. அது குறைந்தால் புகைபோக்கியில் தார் படிவதும் குறையும், அதே சூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை விறகும் மிஞ்சும். தவிரவும் ஊருக்கு ஊர் விதிகள் இறுகி வருகின்றன. 1998 ஜனவரி உறைமழைக்குப் பிறகு விறகடுப்புகளை நாடிய மொன்றியலில், 2018 ஒக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் வெளிவிடும் அடுப்புகளை எரிக்கத் தடை உள்ளது. ஓரிகன் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது சான்றில்லாத அடுப்பை அகற்றியாக வேண்டும். என் கணக்குப்படி, பாவித்த அடுப்பு வாங்குபவர் 1990க்கு முந்தியதைத் தொடவே வேண்டாம்; 2000க்குப் பிந்தியதைத் தேடினால் உதிரிப்பாகங்களும் கிடைக்கும்.

பார்க்கப் போகும் நாள்

ஒரு மின்சூள், நேரான மரச்சட்டம் அல்லது அடிமட்டம், அளவுநாடா, கையுறை, ஒரு ஐந்து டொலர் நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அடுப்பு இன்னும் பொருத்தப்பட்டு எரிந்துகொண்டிருந்தால் அதைவிட நல்லது இல்லை. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தாலே அது எப்படி எரிகிறது என்பது தெரியும். கராஜில் கிடக்கும் அடுப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி வரும் சோதனைகள் ஆறிய அடுப்பில் செய்ய வேண்டியவை. முதலில் அறையின் விளக்கை அணைக்கச் சொல்லி, எரியும் மின்சூளை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடுங்கள். வெளியிலிருந்து மூட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். ஒளிக்கீற்று வரும் இடத்தில் காற்றும் வரும். வார்ப்பிரும்பு அடுப்பு தகடுகளைச் சேர்த்துச் செய்யப்பட்டது. மூட்டுகளில் பூசிய காரை காலப்போக்கில் உதிரும். அதைக் கழற்றி மறுபடி பூசலாம், ஆனால் அது ஒரு வார இறுதி முழுவதும் பிடிக்கும் வேலை. தகட்டிலேயே வெடிப்பு என்றால் விட்டுவிடுங்கள்; வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எல்லோராலும் ஆகாது. உருக்குத் தகட்டு அடுப்பில் வெடிப்பு பெரும்பாலும் ஒட்டுமூட்டுகளிலும் கதவு மூலைகளிலும் தொடங்கும்.

பின்னர் அடிமட்டத்தை மேல்தகட்டிலும் பக்கங்களிலும் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் அந்த அடுப்பு அளவுக்கு மீறிச் சூடாக்கப்பட்டது என்று பொருள். சாம்பல் வெள்ளையாகப் பூத்துப் போன வர்ணமும் அதையே சொல்லும். புத்தம் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்த அடுப்பைக் கண்டால் நான் இன்னும் சந்தேகப்படுவேன், ஏனெனில் நுண்வெடிப்பை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

நோட்டுச் சோதனை கதவுக்கு. ஐந்து டொலர் நோட்டைக் கதவு விளிம்பில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு போன்ற கஸ்கெற் தேய்ந்துவிட்டது. இதைச் சுற்றிவர எட்டுப் பத்து இடங்களில் செய்யுங்கள். கஸ்கெற் மட்டும் போயிருந்தால் கவலை வேண்டாம், சில பத்து டொலரில் நீங்களே மாற்றலாம். புதிய கஸ்கெற் வைத்தாலும் பிடிக்காது என்னும் அளவுக்குக் கதவுச் சட்டம் முறுகியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய அடுப்புகளின் கஸ்கெற்றில் கல்நார் இருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டித் தூளாக்க வேண்டாம்.

உள்ளே தலையை விட்டு மேலே பாருங்கள். நெருப்புக்கு மேல் கிடையாக ஒரு தடுப்புத் தட்டும், அதற்குக் கீழே வரிசையாகத் துளையிட்ட இரண்டு மூன்று குழாய்களும் இருந்தால் அது புகையை இரண்டாம் முறை எரிக்கும் வகை. அந்தக் குழாய்கள் தொங்கியிருக்கக் கூடாது. தட்டு உடைந்திருக்கக் கூடாது. தட்டு வேமிக்கியூலைற்றாலோ பீங்கான் நாராலோ செய்யப்பட்டிருந்தால் இலகுவில் உடையும். மாற்றுத்தட்டு நூறு டொலருக்கு மேல் போகலாம், நிறுவனம் மூடிவிட்டால் கிடைக்காமலும் போகலாம். வினையூக்கியுள்ள அடுப்பு என்றால் தேன்கூடு போன்ற அந்தப் பாகத்தை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆயுள் உண்டு. பொதுவாகப் பத்தாயிரம் மணி நேரம் அளவில் மாற்ற வேண்டிவரும், விலையும் இருநூறு டொலருக்குக் குறையாது. கைக்குப் பதம் தெரியாத புதியவருக்கு வினையூக்கி இல்லாத வகையே எளிது. உட்சுவரில் அடுக்கியிருக்கும் தீச்செங்கல் வெடித்திருப்பது பெரிய குறை அல்ல. அளவு பார்த்து ஒவ்வொன்றாக வாங்கலாம். கண்ணாடி உடைந்திருந்தால் அது வெப்பம் தாங்கும் பீங்கான் கண்ணாடியாகவே மாற்றப்பட வேண்டும், சாதாரணக் கடைக் கண்ணாடி வெடித்துவிடும்.

யாராவது கூடுதலாகத் துளையிட்டு, புதிய கால்களை ஒட்டி, தண்ணீர் சூடாக்கச் செம்புக் குழாய் சுற்றிவைத்திருந்தால் அந்த அடுப்பின் சான்று அங்கேயே முடிந்துவிட்டது. மூடிய குழாயில் கொதிக்கும் நீர் வெடிக்கவும் கூடும்.

விலை பேசும்போது இந்தக் குறைகளைக் காசாக்கிச் சொல்லுங்கள். கஸ்கெற், தட்டு, நான்கு தீச்செங்கல் என்று எழுதிக் காட்டினால், நாம் மீன் சந்தையில் பேசுவதைவிட எளிதாக விலை இறங்கும். அடுப்புகள் அதிகமாக விற்பனைக்கு வருவதும் விலை மலிவதும் வசந்த காலத்தில். ஒக்டோபரில் முதற் குளிர் வந்தவுடன் அதே அடுப்பைக் கேட்க ஐந்து பேர் நிற்பார்கள்.

இறக்குவதும் எரிப்பதும்

நடுத்தர அடுப்பு 150 முதல் 200 கிலோ வரை நிறை வரும். கதவைக் கழற்றி, தீச்செங்கற்களை எடுத்து, தட்டை வெளியே எடுத்தால் கணிசமாகக் குறையும். கைவண்டியில் பட்டியால் கட்டி, மேலே இருவர் பிடித்து, படிபடியாக இறக்குங்கள். கீழே நேர் எதிரே ஒருவரும் நிற்க வேண்டாம். பழைய மரப்படியானால் அதைக் கீழிருந்து முண்டு கொடுத்துத் தாங்குங்கள்.

பொருத்துவதைச் சான்று பெற்றவரிடம் விடுவதே என் அறிவுரை, ஆயினும் அவர் செய்ததைச் சரிபார்க்கச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய் எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். குழாயின் நெளித்த முனை அடுப்பை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும்; அப்போதுதான் வழியும் தார் உள்ளேயே இறங்கும், மூட்டால் வெளியே ஒழுகாது. ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணி. கிடையாக ஓடும் பகுதி அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும். செங்கோண வளைவுகள் இரண்டுக்கு மேல் கூடாது. தரை எரியக்கூடியதாயின் அடுப்புக்கு முன்னால் 18 அங்குலமும் மற்றப் பக்கங்களில் 8 அங்குலமும் நீளும் எரியாத தளம் வேண்டும். வெறும் கொங்கிறீற்றுத் தரையில் அந்தக் கவலை இல்லை.

விறகு ஈரப்பதம் 20 வீதத்துக்குக் குறைந்திருக்க வேண்டும். மேப்பிள் பிளந்து அடுக்கி ஓராண்டு, ஓக் இரண்டாண்டு காய வேண்டும். கடைக்காரர் காய்ந்தது என்று சொல்வதை நம்பாமல், சிறிய ஈரமானி ஒன்று வாங்கி, ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து அதன் உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள். விறகை 'கோட்' என்ற அளவில் விற்பார்கள்; விலை கேட்கும்போது எந்தக் கோட் என்றும் கேளுங்கள். முழுக் கோட் என்பது 128 கன அடி. ஃபேஸ் கோட் என்று விற்கப்படும் 16 அங்குல அடுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

முதல் இரண்டு மூன்று தரம் சிறிய நெருப்பாக மட்டும் எரித்து வர்ணத்தைப் பதப்படுத்துங்கள். அப்போது மணம் வரும், பேஸ்மென்ற் யன்னலைத் திறந்து வையுங்கள். பெரிய கட்டைகளைக் கீழே அடுக்கி, மேலே சுள்ளியும் கடதாசியும் வைத்து மேலிருந்து பற்றவைத்தால் குளிர்ந்த புகைபோக்கி விரைவில் சூடேறி இழுக்கத் தொடங்கும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கும் மரத்தளத்துக்கும் அப்பால், வெளியே வையுங்கள். அதற்குள் கிடக்கும் தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு மாதம் எரித்த பிறகு, அடுப்பு முழுவதும் ஆறியிருக்கும் ஒரு காலையில், புகைபோக்கியின் அடியிலுள்ள சாம்பல் எடுக்கும் கதவைத் திறந்து ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மேலே பாருங்கள். சுவரில் படிந்திருப்பது 3 மில்லிமீற்றரை எட்டியிருந்தால் அந்த வாரமே துப்புரவாக்குபவரை அழையுங்கள்.